தங்கச்சிக்கு ஜப்பான் ‘இளைஞர் பரிமாற்றம்’, 45,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். நம்பலாமா?

கேள்வி: கடப்புறத்து வாசகசாலை

எல்லாருக்கும் வணக்கம். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடப்புறத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பா வள்ளத்துக்குப் போகிறவர். நான் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் ஊர் வாசகசாலையைத் திறந்து பேப்பர் எடுத்துப் போடுவதும் நான்தான். தங்கச்சி பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருஷம், நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ்.-இலும் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளை.

போன வாரம் அவள் போனுக்கு ஒரு கடிதம் வந்தது. ‘சர்வதேச இளைஞர் தலைமைத்துவப் பரிமாற்றம், ஜப்பான், எட்டு நாள். நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்’ என்று போட்டிருக்கிறது. மேலே ஐ.நா. மாதிரி ஒரு நீல முத்திரை. அவள் விண்ணப்பமே போடவில்லை. சர்டிபிகேட் தருவார்கள் என்று ஒரு ஆன்லைன் வினாடி வினா எழுதினாள், அதில் பெயரும் நம்பரும் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் 45,000 கட்ட வேண்டுமாம், கட்டினால் திருப்பித் தரமாட்டார்களாம். அம்மா காதில் கிடக்கிறதைப் பணயம் வைக்கலாம் என்கிறாள். ‘எனக்க பிள்ளைக்கு விமானம் ஏற ஒரு வழி வந்திருக்கு, நீ தடுக்காதே’ என்று என்னிடம் சண்டை. அப்பா கடலில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் கரைக்கு வருவார்.

இது உண்மையா? அரசாங்கமே பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகிற திட்டம் ஏதாவது இருக்கிறதா? தேசிய இளைஞர் கொள்கை என்று பேப்பரில் அடிக்கடி வருகிறதே, எங்களைப் போல ஒரு ஊர் மன்றத்துக்கு அதில் என்ன இருக்கிறது? எனக்கு 27 வயது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பழைய திட்ட அலுவலர்

தம்பி, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். அம்மா காதில் கிடக்கிறது அங்கேயே கிடக்கட்டும்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தேன். அதில் 11 வருஷம் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. இந்த மாதிரிக் கடிதங்களைப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே அச்சு: விண்ணப்பிக்காமலே தேர்வு, நாலு நாள் கெடு, திருப்பித் தராத பணம். ஜப்பான் அரசு ஒரு பிள்ளையை அழைத்தால் அது நம் அமைச்சகம் வழியாகவோ, தூதரகம் வழியாகவோ, கல்லூரி வழியாகவோதான் வரும். இந்திய அரசின் தளமும் மின்னஞ்சலும் ‘ஜிஓவி.இன்’ அல்லது ‘என்ஐசி.இன்’ என்று முடியும். ஜப்பான் அரசினுடையது ‘ஜிஓ.ஜேபி’ என்று முடியும். உங்களுக்கு வந்தது எந்த முகவரியிலிருந்து என்று முதலில் பாருங்கள். ஐ.நா. சபை ஆள் எடுக்கும்போது எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை என்று அதுவே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. முத்திரையை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

இன்னொரு வகையும் உண்டு. துபாய், பாங்காக், இஸ்தான்புல் என்று ஓட்டலில் கூடம் எடுத்து ‘இளைஞர் உச்சி மாநாடு’ நடத்துகிற கம்பெனிகள். பணம் வாங்குவார்கள், கூட்டிப்போகவும் செய்வார்கள், கழுத்தில் அட்டை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு வரலாம். அதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேர்வு என்ற பெயரில் விற்கிற சுற்றுலா அது. கையில் காசு மிச்சம் இருப்பவர்கள் போகட்டும், உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

மூன்றாவது வகைதான் எனக்கு அச்சம். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்ப் பையன்கள் மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யச் சொல்லி அடிபட்டார்கள். பயிற்சி, பரிமாற்றம் என்று சொல்லிவிட்டு டூரிஸ்ட் விசாவில் ஏறு என்று யார் சொன்னாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

இனி உண்மையான வழி. மத்திய இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகம் மற்ற நாடுகளோடு இளைஞர் குழுக்களைப் பரிமாறிக்கொள்கிறது. 2006-இல் சீன அதிபர் ஹூ சிந்தாவோ வந்தபோது, ஐந்து வருஷத்தில் 500 இந்திய இளைஞர்களைச் சீனா அழைப்பதாக ஒப்பந்தம் ஆனது. வங்கதேசத்திலிருந்து 2012 முதல் நூறு நூறு பேராக இங்கே வந்திருக்கிறார்கள். ஜப்பான் அரசு ‘உலக இளைஞர் கப்பல்’ என்று 1988-இல் ஒன்றைத் தொடங்கியது. பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே கப்பலில் சேர்ந்து வாழ்ந்து, பேசிப் பழகி, துறைமுகம் துறைமுகமாகப் போவார்கள். இந்தியாவிலிருந்தும் போயிருக்கிறார்கள். 2007-இல் ஜப்பான் தொடங்கிய ‘ஜெனிசிஸ்’ என்ற திட்டத்தில் மாணவர்களைக் குறுகிய காலத்துக்கு அழைத்து நாட்டைக் காட்டுகிறார்கள். எல்லாம் எல்லா வருஷமும் நடக்காது. நாட்டுக்கு நாடு உறவு எப்படியோ அப்படித்தான் இதுவும்.

இந்த அரசுக் குழுக்களுக்குப் பிள்ளைகளை எங்கிருந்து எடுக்கிறார்கள்? பெரும்பாலும் என்.எஸ்.எஸ்., ஊர் இளைஞர் மன்றங்களுக்கான நேரு யுவ கேந்திரா, என்.சி.சி. மாதிரி அமைப்புகளிலிருந்துதான். உங்கள் தங்கச்சி ஏற்கெனவே வாசல் படியில்தான் நிற்கிறாள் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். என்.எஸ்.எஸ்.-இல் வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். முகாமில் வாளி தூக்கியதும் ஓடை வெட்டியதும் ஏட்டில் ஏற வேண்டும். அந்த ஏடுதான் கல்லூரியிலிருந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளருக்கும், அங்கிருந்து சென்னை மண்டல அலுவலகத்துக்கும் போகும். ஜனவரியில் டெல்லி குடியரசு தின அணிவகுப்புக்கு நாடு முழுக்க 200 என்.எஸ்.எஸ். பிள்ளைகளை எடுக்கிறார்கள். அந்த முகாமுக்குப் போன பிள்ளையின் பெயர் மேலே இருப்பவர்கள் கண்ணில் படும். தங்கச்சி தன் திட்ட அலுவலரிடம் போய், ‘டீச்சர், என் பெயரைச் சொல்லி அனுப்புங்க’ என்று வாய் திறந்து கேட்க வேண்டும். கடப்புறத்துப் பிள்ளைகள் உழைப்பில் முதலில் நிற்பார்கள், கேட்பதில் கடைசியில் நிற்பார்கள். 11 வருஷமும் நான் பார்த்தது அதுதான்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், இன்றைக்கும் அந்த நினைப்பு என்னை விடவில்லை. பெயர் வேண்டாம். முட்டம் பக்கத்துப் பெண், மேடையில் பேசினால் கூடமே அமைதியாகிவிடும். ஒரு வருஷம் சீனா குழுவுக்குப் பெயர் கேட்டு என் மேஜைக்குக் கடிதம் வந்தபோது கெடு முடிய ஆறு நாள் இருந்தது. அவளிடம் பாஸ்போர்ட் இல்லை. ரேஷன் கார்டில் வீட்டுப் பெயர், பள்ளிச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயர் ஒன்றில் பாதி, மற்றதில் முழுசு. ஆறு நாளில் எதையும் சரிசெய்ய முடியவில்லை. பாஸ்போர்ட் இருந்த வேறு ஒரு பெயரை எழுதி அனுப்பினேன். இரண்டு வருஷம் என் பக்கத்திலேயே வேலை பார்த்த பிள்ளையிடம், பாஸ்போர்ட் எடுத்து வை என்று ஒரு தடவை கூட நான் சொல்லவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

அதனால் உங்கள் வீட்டில் இப்போது செலவழிக்க வேண்டியது 1,500 ரூபாய், சாதாரண பாஸ்போர்ட்டுக்கு. திருநெல்வேலி சேவா மையத்தில் எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்ற கட்டாயம் 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான். தங்கச்சிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழே போதும். ஆனால் ஆதாரிலும் அதிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே எடுத்து வைத்துப் பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதும் இடத்தில்தான் நம் ஊரில் எல்லாருக்கும் சிக்குகிறது.

கொள்கையைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் தேசிய இளைஞர் கொள்கை 1988-இல் வந்தது. 2003-இல் வந்தது 13 வயதிலிருந்து 35 வரை இளைஞர் என்றது. இப்போது நடப்பில் இருக்கும் 2014 கொள்கை அதை 15 முதல் 29 என்று சுருக்கிவிட்டது. மக்கள் தொகையில் 27.5 சதவீதம் அந்த வயதினர் என்று அந்த ஆவணமே சொல்கிறது. கல்வி, வேலை, உடல்நலம், விளையாட்டு, அரசியலில் பங்கு என்று 11 முன்னுரிமைத் துறைகள். 2030-ஐ இலக்காக வைத்து ஒரு புதிய வரைவை 2022-இல் மக்கள் கருத்துக்கு விட்டார்கள். ஆவணத்தை நான் முழுக்கப் படித்திருக்கிறேன், நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது. அதில் எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான். சுறுசுறுப்பான திட்ட அலுவலர் இருக்கும் கல்லூரிக்குச் சுற்றறிக்கை போய்ச் சேரும், மற்ற இடத்தில் அலமாரியில் கிடக்கும். கல்லூரிக்கே போகாத பிள்ளைக்கு அது போய்ச் சேர வழியே இல்லை.

உங்கள் மன்றத்துக்கு: ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதியலாம். பதிந்த மன்றத்தை நாகர்கோவிலில் நேரு யுவ கேந்திரா நடத்திவந்த மாவட்ட அலுவலகத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். 1972-இல் தொடங்கிய அந்த அமைப்பு இப்போது ‘மை பாரத்’ என்ற பெயருக்குள் வந்துவிட்டது. 2023 அக்டோபர் 31-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் 15 முதல் 29 வயதுப் பிள்ளைகள் காசு கட்டாமல் பதியலாம். உங்களுக்கு 27. இரண்டு வருஷம் இருக்கிறது, தம்பி. உங்கள் பெயரையும் போடுங்கள்.

பதில் 2: தக்கலை கேடட்

சார் சொன்னதோடு என்.சி.சி. வழியையும் சேர்த்துக்கொள்ளுங்க. நான் அந்த வழியில் போனவள்.

என்.சி.சி.-யில் ‘இளைஞர் பரிமாற்றத் திட்டம்’ என்றே ஒன்று இருக்கு. ஜனவரியில் டெல்லி குடியரசு தின முகாமுக்குப் போன கேடட்களில் இருந்துதான் அதுக்கு எடுப்பாங்க. யூனிட், குரூப், டைரக்டரேட் என்று ஒவ்வொரு முகாமாகக் கழித்துக் கழித்து வந்து, அதுக்கு அப்புறம் நேர்காணல். எனக்கு வியட்நாம் கிடைத்தது. எங்க வீட்டில் இருந்து கட்டணம் என்று யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. சூட்கேஸ் மட்டும் அண்ணன் வாங்கித் தந்தான்.

நேர்காணலில் ‘உங்க மாவட்டத்தைப் பற்றிச் சொல்’ என்றார்கள். நான் விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை என்று ஆரம்பித்தேன். அது எங்களுக்கே தெரியும், உனக்குத் தெரிந்ததைச் சொல் என்று நிறுத்தினார்கள். பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிற எங்க அம்மா விடிய முன்னாடி நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு போவதைச் சொன்னேன், ஷீட் அடித்துக் காயப்போடுவதைச் சொன்னேன். அப்புறம் களியல் ஆடிக் காட்டச் சொன்னார்கள், கம்பு இல்லாததால் இரண்டு ஸ்கேலை வைத்து ஆடினேன். வியட்நாமிலும் அதையேதான் ஆடினேன். அங்கேயும் ரப்பர்த் தோட்டம் இருக்கு. ஒரு பையன் ஷீட் என்ன விலை போகுது என்று என்னிடம் கேட்டான். அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன்.

தங்கச்சி இப்போதே ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் தன் ஊரைப் பற்றிப் பேசிப் பழகட்டும். வலை, மடி, மீன் பெயர், ஏலம், எல்லாம். இலக்கணம் தப்பினால் தப்பட்டும், யாரும் அதற்காகக் கழிக்கமாட்டார்கள்.

பதில் 3: மார்த்தாண்டம் தேன்வீடு

மக்களே, நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். நாங்கள் போகவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

ரோட்டரியின் இளைஞர் பரிமாற்றம் 15 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கானது. விமானச் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் பிள்ளையின் குடும்பம் பார்த்துக்கொள்ளும். தங்குகிற இடமும் சாப்பாடும் அங்கே ஏற்கிற வீடு தரும். அந்த வகையில் ஒரு பிரேசில் பெண் எங்கள் வீட்டில் இரண்டு மாசம் இருந்தாள். முதல் வாரம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்தபோது, ‘இது எங்க பாட்டி வீட்டுக் கிழங்கு’ என்று கத்திவிட்டாள். மரச்சீனி பிரேசில் பக்கத்திலிருந்துதான் நமக்கு வந்தது என்று அப்போதுதான் என் மாமியாருக்குத் தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் கூடக் கிடையாது, கிழங்கு உரித்தபடியே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டு வருமானம் தேன்பெட்டி. 1920-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தி, பெட்டியில் தேனீ வளர்க்க ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இளைஞர் சங்கம் ஒன்று கடல் தாண்டி வந்து செய்த வேலையில்தான் இன்றைக்கு எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் உங்கள் மன்றம் பிள்ளைகளை அனுப்புவதை மட்டும் யோசிக்க வேண்டாம், வருகிறவர்களை ஏற்பதையும் யோசியுங்கள். ஜெர்மன் அரசு 2008-இல் தொடங்கிய ‘வெல்ட்வெர்ட்ஸ்’ திட்டத்தில் 18 முதல் 28 வயதுப் பிள்ளைகள் தன்னார்வலராக நம் நாட்டு அமைப்புகளுக்கு வருகிறார்கள். 2013 முதல் இங்கிருந்து அங்கேயும் போகலாம். அனுப்புகிற அமைப்பும் ஏற்கிற அமைப்பும் ஏற்கெனவே கைகோத்திருந்தால்தான் அது நடக்கும். வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஊருக்கு அனுப்பவும் வழி கிடைக்கும்.

பதில் 4: தூத்தூர் ஆழ்கடல்

எல்லாரும் நல்லாச் சொன்னீங்க. ஆனா நான் கேட்கிறதுக்கும் யாராவது பதில் சொல்லணும். எங்க கிளப்பில் 60 பையன்கள். ஃபுட்பால் ஆடினா மாவட்டமே வந்து பார்க்கும். அதில் 45 பேர் பத்தாம் வகுப்போட தங்கலுக்குப் போனவங்க. ஒரு தடவை போனா 30 நாள், 40 நாள் கடலில். லட்சத்தீவு தாண்டி, ஓமன் பக்கம் வரைக்கும் போன பையன் இருக்கான். எந்தப் பரிமாற்றமும் இல்லாமலே அவன் வெளிநாட்டுக் கடலைப் பார்த்துட்டான். 15-லிருந்து 29 வரைக்கும் இளைஞர் என்கிற அந்த வயசு பூராவும் அவனுக்குத் தண்ணியிலதான் போகுது. ஆறு நாள் கெடுவில் ஒரு கடிதம் வந்தா அதை அவனுக்கு யார் படிச்சுச் சொல்லுவா? 2017 நவம்பரில் ஒக்கி வந்தப்ப புயல் செய்தியே அவனுக்குப் போய்ச் சேரலை. கொள்கை எப்படிப் போய்ச் சேரும்?

பதில் 5: பழைய திட்ட அலுவலர்

தூத்தூர் தம்பி, நீங்கள் கேட்டது சரி. 2014 கொள்கையின் ஐந்து நோக்கங்களில் ஒன்று, நலிவடைந்த இளைஞர்களுக்குச் சம வாய்ப்பு. எழுதியிருக்கிறார்கள். உங்கள் பையன்களை மனதில் வைத்து ஒரு திட்டம் என் கைக்கு வந்ததே இல்லை. 2022 வரைவுக்குக் கருத்துக் கேட்டபோது நானும் சும்மா இருந்துவிட்டேன். உங்கள் ஊர்ப் பையன்கள் கரையில் இருக்கும் நாளில் விண்ணப்பம் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். தூத்தூர் எனக்கு ஒரு பஸ் தூரம்தான்.

இஞ்சின் வேலை, வெல்டிங் தெரிந்த பையன்களுக்கு ஒரு வாசல் உண்டு. ‘வேர்ல்ட் ஸ்கில்ஸ்’ என்று தொழில்திறனுக்கு உலகப் போட்டி நடக்கிறது, பெரும்பாலான பிரிவுகளில் வயது வரம்பு 22. 2024-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்தது, இந்தியாவுக்கு நாலு வெண்கலம் கிடைத்தது. மாவட்டம், மாநிலம், தேசம் என்று படிப்படியாக வர வேண்டும். கோணம் ஐ.டி.ஐ.-யில் விசாரித்தால் பதிவு பற்றிச் சொல்வார்கள். வெளிநாட்டு வேலைக்கே போகிறார்கள் என்றால், பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.-யும் தவிர அதிகமாக வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. பதிவு உண்டா என்று மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கடப்புறத்து வாசகசாலை

சார், அக்காமார், அண்ணன், எல்லாருக்கும் நன்றி. பணம் கட்டவில்லை. கடிதம் வந்த முகவரி ஒரு சாதாரண ஜிமெயில். பணம் தரமாட்டோம், உங்கள் அலுவலக முகவரி என்ன என்று தங்கச்சி ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டாள், அதோடு அங்கிருந்து பதிலே வரவில்லை. அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அப்பா வந்து, சார் எழுதிய முட்டம் பிள்ளை கதையை நான் படித்துக் காட்டக் கேட்டுவிட்டு, ‘பாஸ்போர்ட்டுக்கு நான் தாறேன்’ என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா சோறு போட்டாள்.

ராத்திரியே காகிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தோம். சார் சொன்னது அப்படியே: ஆதாரில் அப்பா பெயர் ஒரே எழுத்தில் நிற்கிறது, சான்றிதழில் முழுப்பெயர். திங்கள்கிழமை குளச்சலில் ஆதார் திருத்தம். தங்கச்சி இன்றைக்குத் திட்ட அலுவலரிடம் கேட்டிருக்கிறாள். டெல்லி முகாமுக்குப் பல்கலைக்கழக அளவில் தேர்வு வரும்போது பெயர் அனுப்புகிறேன் என்றாராம்.

மன்றத்துக்கு ஏழு கையெழுத்து வேண்டும், ஆறு கிடைத்துவிட்டது. ஏழாவது ஆள் தங்கலில் இருக்கிறான், புதன்கிழமை தேங்காய்ப்பட்டணத்தில் இறங்குவான் என்கிறார்கள். தூத்தூர் அண்ணா, உங்கள் கிளப் பதிவு செய்ததா? இல்லை என்றால் சொல்லுங்கள், படிவத்தை இரண்டாக நகல் எடுத்துக்கொண்டு வருகிறேன்.